புதுக்குருவின் முதல் ஆண்டு: சிங்கப்பூர்த் தமிழ் மக்களிடையே பணி தொடங்கும் ஃபாதர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

குருப்பட்டம் முடிந்தது. முதல் நன்றித் திருப்பலியும் முடிந்தது. போட்ட மாலைகள் வாடிவிட்டன, பொன்னாடைகள் பெட்டிக்குள் போய்விட்டன. இப்போது உங்கள் கையில் இருப்பது பேராயரின் நியமனக் கடிதம்: இன்ன பங்கில் (கோவில் வட்டாரத்தில்) உதவிப் பங்குத்தந்தை. அந்தக் கடிதத்தோடு ஒரு புதிய அறையில், இன்னும் பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவே, "எங்கிருந்து தொடங்குவது?" என்று யோசிக்கும் இளம் ஃபாதர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நான் ஒரு மறைக்கல்வி ஆசிரியை. நோயாளிகளைச் சந்திக்கும் குழுவிலும், துக்க வீடுகளில் செபமாலை நடத்தும் குழுவிலும் பல காலமாக இருக்கிறேன். பல புதுக்குருக்கள் வந்து, பழகி, மாற்றலாகிப் போனதைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தவள். இறையியல் உங்களுக்குப் பொங்கோல் குருமடத்தில் சொல்லித் தந்திருப்பார்கள். மக்கள் பக்கத்திலிருந்து என்ன தெரிகிறது, எங்களுக்கு உங்களிடம் என்ன வேண்டும், எது வேண்டாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

படி 1: உங்களால் மட்டுமே முடிந்ததை முதலில் வையுங்கள்

முதல் மாதத்திலேயே உங்களைச் சுற்றி வேலைகள் குவியும். இளையோர் முகாம், பாடகர் குழுச் சச்சரவு, திருவிழா உணவுச் சந்தை, ஒலிபெருக்கி பழுது, வாட்ஸ்அப்பில் பதினைந்து குழுக்கள். எல்லாமே அவசரம் என்பார்கள். அப்போது ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: இதை நான் செய்யாவிட்டால் வேறு யாராவது செய்ய முடியுமா?

சாவின் விளிம்பில் இருக்கும் குழந்தைக்கு ஒரு தாதிகூடத் திருமுழுக்குக் கொடுக்கலாம். திருச்சபைச் சட்டமே அதற்கு இடம் தருகிறது. நற்கருணையை (திருப்பலியில் அர்ச்சித்த அப்பத்தை) வீட்டுக்குக் கொண்டுபோகக் குரு அல்லாத பொதுநிலைப் பணியாளர்கள் இருக்கிறார்கள். செபமாலையை நாங்கள் நடத்துவோம். கணக்கை நிதிக்குழு பார்க்கும். திருப்பலி நிறைவேற்றவும், பாவமன்னிப்பு வழங்கவும், நோயுற்றவருக்கு எண்ணெய் பூசவும் மட்டும் குரு வேண்டும். எண்ணெய் பூச, குருவுக்கு அடுத்த நிலையில் இருக்கும் திருத்தொண்டருக்குக்கூட அதிகாரம் இல்லை.

ஆகவே உங்கள் வார அட்டவணையில் இந்த மூன்றையும் முதலில் எழுதுங்கள், மிச்ச நேரம் மிச்ச வேலைக்கு. முதல் ஆண்டில் நல்ல ஃபாதர்கள் சோர்ந்து போவதை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் காரணம் ஒன்றுதான். எங்களால் செய்ய முடிந்ததையெல்லாம் அவர்களே தூக்கிச் சுமந்தார்கள். எங்களிடம் கொடுங்கள், செய்கிறோம். முதல் தடவை சரியாக வராது, இரண்டாம் தடவை வரும்.

இன்னொன்று. "எனக்குத் தகுதி இல்லை" என்ற எண்ணம் உங்களுக்கு வரும், நல்ல குருக்களுக்கெல்லாம் வருகிறது. 1600 ஆண்டுகளுக்கு முன்பே புனித அகுஸ்தினார் இதற்குப் பதில் சொல்லிவிட்டார்: பேதுரு திருமுழுக்குக் கொடுத்தாலும், பவுல் கொடுத்தாலும், யூதாசே கொடுத்தாலும், கொடுக்கிறவர் கிறிஸ்துதான். உங்கள் குரல் நடுங்கினாலும், பக்கம் புரட்டத் தடுமாறினாலும், அந்த அப்பமும் இரசமும் நடுங்குவதில்லை. இதை நம்பித்தான் நாங்கள் வரிசையில் வந்து நிற்கிறோம், ஃபாதர்.

படி 2: முதல் மூன்று மாதம் எதையும் மாற்றாதீர்கள்

கேளுங்கள், பாருங்கள், எழுதி வையுங்கள், அது போதும். பலிபீடத் துணி மடிக்கும் பாட்டியம்மா முப்பது ஆண்டாக அதை ஒரே மாதிரி மடித்திருப்பார். அது ஏன் அப்படி என்று கேட்டால் அந்தப் பங்கின் வரலாறே வரும். திருப்பொருளறைப் பொறுப்பாளர், அலுவலகத்தில் இருப்பவர், கோவிலைக் கூட்டுகிறவர், கார் நிறுத்தும் இடத்தைக் கவனிப்பவர் ஆகிய நான்கு பேரையும் முதல் வாரத்திலேயே பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்துகொள்ளுங்கள்.

சிங்கப்பூரில் "தமிழ்க் கத்தோலிக்கர்" என்றால் ஒரே கூட்டம் இல்லை. ஓஃபிர் ரோட்டில் இருக்கும் லூர்து மாதா கோவில் 1888-ல் தமிழ் மக்களுக்காகவே எழுந்தது. அந்தக் காலத்திலிருந்து நான்கைந்து தலைமுறையாக இங்கேயே வேரூன்றிய குடும்பங்கள் உண்டு. அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு வாயில் ஆங்கிலம், காதில் கொஞ்சம் தமிழ். ஜோகூரிலிருந்து பாலம் தாண்டி வேலைக்கு வருகிறவர்கள் ஒரு பக்கம். தமிழ்நாட்டிலிருந்து வந்த கணினித் துறைக் குடும்பங்கள், கப்பல் பட்டறையிலும் கட்டுமானத்திலும் உழைக்கும் தம்பிகள், வீட்டு வேலைக்கு வந்த பெண்கள், இலங்கைத் தமிழர்கள் என்று இன்னும் பலர். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்த் திருப்பலியில் இவர்கள் எல்லாரும் ஒரே பெஞ்சில் இருப்பார்கள், ஆனால் பூசை முடிந்ததும் தனித்தனி வட்டமாக நிற்பார்கள். கவனித்தால் உங்களுக்கே தெரியும்.

செபங்களில்கூட வேறுபாடு உண்டு. "அருள் நிறைந்த மரியே"யை ஒரு வரிசை ஒரு மாதிரி சொல்லும், பின்வரிசைப் பெரியவர்கள் பழைய பாடத்தில் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்பார்கள். திருத்தப் போகாதீர்கள். அந்தப் பாட்டிகளுக்கு அதுதான் அவர்கள் அம்மா சொல்லிக் கொடுத்த செபம்.

பூசைக்குப் பிறகு வாசலில் நில்லுங்கள். பத்து நிமிடம் போதும். அலுவலகத்துக்குள் போய் உடுப்பு மாற்றும் ஃபாதரைவிட, உடுப்போடு வியர்த்துக்கொண்டு வாசலில் நிற்கும் ஃபாதரிடம்தான் மக்கள் பேசுவார்கள். "அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சிருக்கு ஃபாதர்" என்ற வார்த்தை அங்கேதான் வரும், சந்திப்பு நேரம் வாங்கிக்கொண்டு வராது.

படி 3: திருப்பலியும் மறையுரையும்

திருநிலைப்பாட்டில், அதாவது குருப்பட்டச் சடங்கில், பேராயர் உங்கள் கையில் அப்பத்தட்டையும் கிண்ணத்தையும் கொடுத்தபோது, நீங்கள் செய்யப்போவதை உணர்ந்துகொள்ளுங்கள், கொண்டாடுவதை வாழ்ந்து காட்டுங்கள், ஆண்டவருடைய சிலுவையின் மறைபொருளுக்கு ஏற்ப வாழுங்கள் என்ற பொருளில் சொன்னாரே, அதை மாதம் ஒருமுறை எடுத்து வாசியுங்கள். பூசைக்குப் போகும் முன் ஐந்து நிமிடம் மௌனமாக இருங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் "ஃபாதர் ஒரு சின்ன விஷயம்" என்று யாராவது வருவார்கள். பூசைக்குப் பிறகு பேசலாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

மறையுரையைத் திங்கட்கிழமையே தொடங்குங்கள். வாசகங்களை ஒருமுறை வாசித்துவிட்டு வாரம் முழுக்க மனதில் வைத்துக்கொண்டு நடமாடினால், வெள்ளிக்கிழமைக்குள் அது உங்கள் பங்கு மக்களின் முகங்களோடு சேர்ந்திருக்கும். சனிக்கிழமை இரவு இணையத்தில் தேடி எடுத்த கதைக்கு அந்த முகம் இருக்காது. நீளம்? மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2024 ஜூனில் வெளிப்படையாகவே சொன்னார். பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடித்து வந்து உட்கார்ந்திருக்கும் தம்பியை நினைத்தால் எட்டு நிமிடம் எவ்வளவு பெரிய தயவு என்று புரியும்.

இங்கே பிறந்து வளர்ந்த சில ஃபாதர்களுக்குத் தமிழில் பிரசங்கம் செய்யவே பயம். பள்ளித் தமிழோடு நின்றுபோனது, இலக்கணம் தவறும், கேட்பவர்கள் சிரிப்பார்கள் என்று தயங்குகிறார்கள். ஃபாதர், தயவுசெய்து கேளுங்கள். புனித ஜான் மரிய வியான்னிக்கு இலத்தீன் கடைசிவரை ஏறவில்லை. அதனாலேயே குருப்பட்டம் கைநழுவிப் போக இருந்தது. 1815-ல் எப்படியோ குருவானார், 1818-ல் சுமார் 230 பேர் மட்டுமே இருந்த ஆர்ஸ் கிராமத்துக்கு அனுப்பப்பட்டார். பிற்காலத்தில் பிரான்ஸ் முழுவதிலிருந்தும் மக்கள் அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யக் காத்துக் கிடந்தார்கள். 1929-ல் அவர் பங்குக் குருக்கள் அனைவருக்கும் பாதுகாவலராக அறிவிக்கப்பட்டார். இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் தமிழில் தேம்பாவணியே பாடினார். உங்களிடம் காவியம் கேட்கவில்லை. சிறு சிறு வாக்கியங்களாக எழுதி, ஒரு மறைக்கல்வி ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்தி, இரண்டு முறை உரக்க வாசித்துவிட்டு வாருங்கள். நீங்கள் எங்கள் மொழியில் முயல்கிறீர்கள் என்பதே எங்களுக்கு உள்ளம் குளிரும் விஷயம்.

ஓர் எச்சரிக்கை: பெஞ்சில் இருக்கும் பாதிப் பேருக்கு இந்து உறவினர் உண்டு. மேடையிலிருந்து பிற மதத்தைத் தாழ்த்தி ஒரு சொல்லும் வரக்கூடாது. 1990-ல் நிறைவேறிய மத நல்லிணக்கப் பராமரிப்புச் சட்டம் இந்த நாட்டில் இருக்கிறது, அது உங்களுக்குத் தெரியும். அதைவிட முக்கியம், அந்த அத்தையும் சித்தப்பாவும் எங்கள் இரத்தம்.

படி 4: பாவசங்கீர்த்தனத் தொட்டியில்

தொட்டிக்குள் வரும் எங்களுக்கு உங்களைவிடப் பயம் அதிகம். இருபது ஆண்டு கழித்து வருகிறவர் முதல் வாக்கியத்திலேயே உங்கள் மூச்சு மாறுகிறதா என்று காது கொடுத்துக் கேட்பார். அதிர்ச்சியைக் காட்டாதீர்கள். விவரம் தோண்டாதீர்கள். "வந்தது ரொம்ப நல்லது" என்று ஆரம்பித்தால் போதும், மீதி தானாக வரும். பரிகாரம் செய்யக்கூடியதாக இருக்கட்டும். விடுதியில் பன்னிரண்டு பேரோடு ஒரே அறையில் இருக்கும் தம்பிக்கு அரை மணி நேரத் தனிச்செபம் கொடுத்தால் அவர் எங்கே போய்ச் செய்வார்?

பாவசங்கீர்த்தன முத்திரையைப் பற்றி, அதாவது கேட்டதை யாரிடமும் சொல்லாத கடமையைப் பற்றி, உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சிங்கப்பூர்ப் பங்கில் இது எவ்வளவு நுணுக்கமானது என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் தமிழ்ச் சமூகம் சின்னது, எல்லாரும் எல்லாருக்கும் சொந்தம். "ஒருவர் என்னிடம் சொன்னார்" என்று மறையுரையில் ஒரு பொதுப்படையான உதாரணம் வந்தாலே போதும், யாரோ ஒருவருக்கு வயிற்றைக் கலக்கும். தொட்டியில் கேட்டதன் நிழல்கூட மேடையில் விழ வேண்டாம். தெரிந்தே முத்திரையை உடைக்கும் குரு அந்தக் கணமே திருச்சபை ஒன்றிப்பிலிருந்து விலக்கப்படுகிறார், அதை நீக்கும் அதிகாரம் திருத்தந்தையின் ஆட்சிபீடத்துக்கு மட்டுமே. திருச்சபை இதை அவ்வளவு கனமாக எடுப்பதால்தான் நாங்கள் வாயைத் திறக்கிறோம்.

தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் பங்கு பங்காகப் பொது ஒப்புரவு வழிபாடு நடக்கும்போது குருக்கள் பலர் சேர்ந்து உட்காருவீர்கள். அது போதும் என்று விட்டுவிடாமல், ஒவ்வொரு வாரமும் ஒரு குறிப்பிட்ட நேரம் தொட்டியில் உட்காருங்கள். முதல் சில வாரங்கள் யாரும் வரமாட்டார்கள், செபப் புத்தகத்தோடு காத்திருங்கள். விளக்கு எரிகிறது என்று தெரிந்தால் ஒரு நாள் வருவார்கள்.

படி 5: ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தால்

எங்களுக்கு உங்களிடம் வேண்டியது எல்லாவற்றிலும் இது பெரியது.

ஒரு சிறு பையைத் தயாராகக் கதவருகே வையுங்கள்: நோயுற்றோர் எண்ணெய், பஞ்சு, கழுத்தில் போடும் சிறிய தோள்துகில், தமிழிலும் ஆங்கிலத்திலும் சடங்குப் புத்தகம், நற்கருணைச் சிமிழ், ஒரு செபமாலை, முகக்கவசம், போன் சார்ஜர். பஞ்சில் ஊறிய எண்ணெய் காய்ந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். புனித வாரத்தில் பேராயர் புது எண்ணெய் மந்திரித்ததும் பழையதை மாற்றுங்கள்.

அழைத்தவரிடம் மூன்று விவரம் கேளுங்கள்: எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு எந்தக் கட்டில், நோயாளி பேசுகிறாரா விழுங்குகிறாரா. விழுங்கச் சிரமப்படுபவருக்குத் துகளளவு நற்கருணை ஒரு சொட்டுத் தண்ணீரோடு போதும். நோயாளிகளுக்கும் வயதானவர்களுக்கும் கூட இருந்து பார்ப்பவர்களுக்கும் ஒரு மணி நேர நோன்பு கட்டாயமில்லை. "இப்பதான் கஞ்சி குடிச்சாங்க ஃபாதர்" என்று மகள் தயங்கினால், பரவாயில்லை என்று நீங்கள் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அது தெரியாது.

வார்டுக்குள் போனதும் முதலில் தாதியிடம் யார் என்று சொல்லுங்கள். கைகளைச் சுத்தம் செய்யுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆக்சிஜன் ஓடும், மெழுகுவர்த்தி எண்ணமே வேண்டாம். நோயாளியின் காதருகே குனிந்து பெயர் சொல்லி, "நான் ஃபாதர் வந்திருக்கேன்" என்று தமிழில் சொல்லுங்கள். நினைவில்லாதவர்போல் கிடப்பவரும் கேட்கக்கூடும். நெற்றியிலும் உள்ளங்கைகளிலும் பூசும்போது, கையில் ஊசி குத்தியிருந்தால் எங்கே தொடலாம் என்று தாதி காட்டுவார்.

ஒருமுறை நான் கூடப் போயிருந்தேன். வேலையிடத்தில் விழுந்த ஒரு தம்பி, வயது முப்பதுக்குள்தான் இருக்கும். பக்கத்தில் சொந்தம் யாரும் இல்லை, கூட வேலை செய்யும் ஒருவர் மட்டும் அழுக்குச் சட்டையோடு போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். போனில் ஊரில் இருக்கும் மனைவி, மடியில் ஒரு குழந்தை. வந்த ஃபாதருக்குப் பட்டம் கிடைத்து ஓராண்டுகூட ஆகவில்லை. புத்தகத்தைத் திறந்தவர், போனைப் பார்த்ததும் நிறுத்தினார். நண்பரைக் கட்டிலின் தலைமாட்டுக்கு வரச் சொல்லி, மனைவிக்கு நெற்றி தெரியும்படி போனைத் தாழ்த்திப் பிடிக்கச் சொன்னார். "அம்மா, நான் இப்ப உங்க வீட்டுக்காரர் நெற்றியில எண்ணெய் பூசுறேன், நீங்களும் கூடச் செபிங்க" என்றார். அந்தப் பெண் அங்கே தன் பிள்ளையின் நெற்றியில் சிலுவை போட்டாள். ஃபாதர் பரலோக மந்திரத்தை மெதுவாக, அலைத்தொடர்பு தாமதத்துக்கு ஏற்ப விட்டு விட்டுச் சொன்னார். மொத்தம் கால் மணி நேரம்கூட இருக்காது. இதை எந்தப் பாடத்திலும் படித்திருக்க மாட்டார். அவசரப்படாமல் அறையைச் சுற்றிப் பார்த்ததால் அவருக்குத் தெரிந்தது.

நீங்கள் போகும் முன் உயிர் பிரிந்துவிட்டால்? இறந்துவிட்டாரா என்ற ஐயம் இருந்தால் பூசலாம், சட்டம் இடம் தருகிறது. உறுதியாக இறந்துவிட்டார் என்றால் பூசக்கூடாது, இறந்தோருக்கான செபங்களைச் சொல்லுங்கள். குடும்பத்தார் "ஃபாதர் வர்றதுக்குள்ள போயிட்டாங்களே, பூசாமலே போயிட்டாங்களே" என்று கதறுவார்கள். அப்போது விளக்கம் சொல்லாதீர்கள். உட்காருங்கள். கடவுளின் இரக்கம் நம் டாக்சிக்காகக் காத்துக்கொண்டிருக்கவில்லை என்று பிறகு, அடக்கத்துக்கு மறுநாள் சொல்லலாம்.

நள்ளிரவு அழைப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எல்லா அழைப்பும் அவசரமாக இருக்காது. ஆனால் முதல் ஆண்டில் சந்தேகம் வந்தால் போய்விடுங்கள். போனதற்காக வருந்திய ஃபாதரை நான் கண்டதில்லை.

படி 6: துக்க வீடு

இங்கே பல சாவுகள் வீவக (அரசு அடுக்குமாடி வீட்டு) புளோக்கின் கீழ்த்தளத்தில்தான். கூடாரத் துணி, பிளாஸ்டிக் நாற்காலி, மேசையில் நிலக்கடலையும் பாக்கெட் பானமும், பெரிய மின்விசிறியின் இரைச்சல். அதன் நடுவே பெட்டி. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் கடந்து போவார்கள். சீன, மலாய் அண்டைவீட்டார் வந்து தலைதாழ்த்திவிட்டுப் போவார்கள். உங்கள் செபத்தை இவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். ஒரு செபமாவது அவர்களுக்கும் புரியும்படி ஆங்கிலத்தில் இருக்கட்டும். குரலை உயர்த்த வேண்டியிருக்கும், ஒலிவாங்கி உண்டா என்று முன்பே கேளுங்கள்.

ஒருநாள் இரவு மட்டுமாவது முன்னறிவிப்பில்லாமல் போய், செபம் நடத்தாமல் ஒரு நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருங்கள். வயதான கணவர்கள் அப்போதுதான் பேசுவார்கள்.

தகனம் பற்றிக் கேட்பார்கள். திருச்சபை 1963-லேயே தகனத்தை அனுமதித்துவிட்டது. ஆனால் சாம்பலைத் தூவக் கூடாது, பொதுவாகப் பங்கு போட்டுக்கொள்ளவோ வீட்டில் வைத்துக்கொள்ளவோ கூடாது, புனித இடத்தில் வைக்க வேண்டும் என்று 2016-ல் வத்திக்கான் தெளிவாக்கியது. எங்கள் குடும்பங்களில் சிக்கல் இங்கேதான். பாதிச் சொந்தம் இந்து, "கடல்ல கரைச்சாத்தானே சாந்தி" என்று மூத்த சித்தப்பா சொல்வார். மண்டாயில் தகன நேரம் ஏற்கெனவே குறித்தாயிற்று, மகன் இருவருக்கும் நடுவில் நிற்பான். இந்தப் பேச்சைச் சாவு நடந்த இரவில் எடுக்க வேண்டியதாக விட்டுவிடாதீர்கள். வீட்டு நோயாளிகளைச் சந்திக்கும்போதே, பிள்ளைகள் இருக்கையில், மெதுவாக எடுத்துப் பேசி வையுங்கள். சித்தப்பாவிடம் வாதாடாமல், "உடலை நாங்க ஆண்டவர் திரும்ப எழுப்புவார்னு நம்புறோம், அதனால ஒரே இடத்துல மரியாதையா வைக்கிறோம்" என்று சொன்னால் அவர் புரிந்துகொள்வார். பெரியவர்கள் மரியாதை என்ற சொல்லைக் கேட்பார்கள்.

புதைக்க விரும்புகிறவர்களுக்குச் சுவா சூ காங் கல்லறைதான். 1998-லிருந்து அங்கே 15 ஆண்டுக்குப் பிறகு எலும்புகளைத் தோண்டி எடுக்கும் விதி நடைமுறையில் இருக்கிறது. அந்த நாள் வரும்போது குடும்பத்துக்கு இரண்டாம் முறை சாவு வந்ததுபோல் இருக்கும். கூப்பிட்டால் போங்கள். கூப்பிடாவிட்டாலும் விசாரியுங்கள்.

படி 7: விடுதித் தம்பிகள்

துவாசிலும் கிராஞ்சியிலும் தங்கியிருக்கும் ஊழியர்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் ஓய்வு, அதுவும் சிலருக்கு இல்லை. கோவிலுக்கு வந்து போகவே இரண்டு மூன்று மணி நேரம். அவர்கள் பின்வரிசையிலோ தூணுக்குப் பின்னாலோ நிற்பார்கள், காணிக்கைத் தட்டு வரும்போது தலையைக் குனிந்துகொள்வார்கள். பெயர் கேளுங்கள், ஊர் கேளுங்கள். "வேளாங்கண்ணிப் பக்கமா? ஓரியூரா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் முகம் மலரும். ஓரியூரில் 1693-ல் உயிர்கொடுத்த அருளானந்தரின் கோவிலுக்கு நடந்துபோன சிறுவயதுக் கதையை உங்களுக்குச் சொல்வார்கள்.

செப்டம்பர் 8, ஆரோக்கிய மாதா திருநாள். இவர்களுக்கு அது கிறிஸ்துமஸுக்குச் சற்றும் குறைந்ததல்ல. அன்று தேர் தூக்கவும் கொடி பிடிக்கவும் பூ கட்டவும் இவர்களிடம் பொறுப்பைக் கொடுங்கள். விருந்தாளியாக வந்தவர் அன்று வீட்டுக்காரர் ஆகிவிடுவார்.

சம்பளப் பாக்கி, காயம், முதலாளி தகராறு என்று வந்தால் முழுவதும் கேளுங்கள், தேதிகளை எழுதச் சொல்லுங்கள், ஆனால் நீங்களே வழக்கறிஞராக வேண்டாம். மனிதவள அமைச்சுக்கும், பேராயத்தின் புலம்பெயர்ந்தோர் பணிக்குழுவுக்கும் அழைத்துச் செல்ல நம்பகமான ஒரு பொதுநிலையினரைச் சேர்த்துவிடுங்கள். பிறகு ஒரு மாதம் கழித்து, என்ன ஆயிற்று என்று நீங்களே கேளுங்கள். பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

படி 8: திருமணங்கள்

சுருக்கமாக. உங்களுக்குப் பதிவுத் திருமணம் நடத்தும் உரிமம் இருக்கிறதா என்பதைத் தேதி கொடுக்கும் முன் உறுதிசெய்யுங்கள். மணமக்கள் திருமணப் பதிவகத்தில் குறைந்தது 21 நாள் முன்னதாக அறிவிப்புக் கொடுத்திருக்க வேண்டும். மணமக்களில் ஒருவர் திருமுழுக்குப் பெறாதவர் என்றால் பேராயத்தின் விலக்கு வேண்டும், அதற்கு நேரம் எடுக்கும். மண்டபம் பதிந்துவிட்டு உங்களிடம் வரும் ஜோடிகளைக் கடிந்துகொள்ளாதீர்கள், அவர்கள் வந்ததே பெரிது. தாலியில் சிலுவை இருக்கிறதா என்று பெரியம்மாக்கள் பார்த்துக்கொள்வார்கள்.

படி 9: பணமும் போனும்

ஒரு திருப்பலிக்கு ஒரு காணிக்கை. அதே நாளில் இன்னொரு பூசை வைத்தால் இரண்டாவதன் காணிக்கை உங்களுக்கில்லை, ஆயர் குறித்த நோக்கத்துக்குப் போகும். இதை நீங்கள் படித்திருக்கிறீர்கள். படிக்காதது, கோவில் வாசலில் கையில் திணிக்கப்படும் உறை. அதைச் சட்டைப்பையில் போடும் முன் "இது பூசைக்கா, கோவிலுக்கா, எனக்கா?" என்று கேட்டு, மேலே எழுதி வையுங்கள். கடன் கேட்டு வருபவருக்கு உங்கள் கையிலிருந்து கொடுக்காதீர்கள், வின்சென்ட் தே பவுல் சபையாரிடம் அனுப்புங்கள். அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பார்ப்பார்கள், மளிகையும் வாங்கித் தருவார்கள்.

இரவு பத்துக்கு மேல் வரும் குறுஞ்செய்திகளுக்குக் காலையில் பதில் போடலாம், நோயாளி அழைப்பைத் தவிர. பிள்ளைகளோடு தனியாக அரட்டை வேண்டவே வேண்டாம், பெற்றோரும் இருக்கும் குழுவில் மட்டும் பேசுங்கள். ஆலோசனை கேட்டு வருபவரைக் கண்ணாடிக் கதவுள்ள அறையில் சந்தியுங்கள். இது உங்கள்மேல் எங்களுக்குச் சந்தேகம் என்பதால் சொல்வதல்ல. எங்கள் பிள்ளைகளும் நீங்களும் எங்களுக்கு ஒன்றுபோல் வேண்டியவர்கள்.

படி 10: உங்களைக் கவனித்துக்கொள்ளுங்கள்

வாரத்தில் ஒருநாள் ஓய்வை எடுங்கள், எடுப்பதாக வாரத்தாளில் அச்சிடுங்கள். நாங்கள் மதிப்போம். மதிக்காத ஒருவர் இருந்தால் மற்ற நாங்கள் அவரிடம் பேசிக்கொள்கிறோம். குருக்களின் அன்றாடச் செபமான திருப்புகழ்மாலையை எம்ஆர்டி ரயிலில் போனில் வாசித்தாலும் பரவாயில்லை, விடாதீர்கள். உங்கள் பாவசங்கீர்த்தனத்துக்கு ஒரு நிலையான குருவை முதல் மாதமே தேடிக்கொள்ளுங்கள். உங்களோடு பட்டம் வாங்கியவர்களோடு மாதம் ஒருமுறை காப்பிக்கடையில் உட்காருங்கள்.

சாப்பாட்டு அழைப்புகள் வரும். பணக்கார வீட்டுக்கு இருமுறை போனால், வாடகை வீட்டுக்கும் இருமுறை போங்கள், மக்கள் எண்ணுகிறார்கள். எல்லா வீட்டிலும் பிரியாணி போடுவார்கள், எங்களிடம் தயிர்சாதம் கேட்க வெட்கப்படாதீர்கள்.

கிறிஸ்துமஸ் நள்ளிரவுப் பூசை முடிந்து எல்லாரும் குடும்பத்தோடு கிளம்பிப் போனபின் அறைக் கதவைத் திறக்கும் நேரம் கடினமானது என்று ஃபாதர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த இரவுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள். பெற்றோர் வீடோ, பக்கத்துப் பங்கின் ஃபாதரோ, தனியாக வாழும் ஒரு முதியவரின் வீடோ, எங்காவது போங்கள். தூக்கம் கெட்டு, பூசை கசந்து, யாரையும் பார்க்கப் பிடிக்காத நிலை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரிடம் போங்கள். "செபித்தால் சரியாகும்" என்று எங்களிடம் நீங்கள் சொல்லமாட்டீர்கள் அல்லவா? உங்களிடமும் சொல்லிக்கொள்ள வேண்டாம்.

பங்குத்தந்தையோடு கருத்து வேறுபாடு வரும். அறைக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் பேசுங்கள், வெளியே ஒரே குரலாக இருங்கள். உங்கள் காதில் அவரைப் பற்றிக் குறைசொல்ல வருகிறவர் நாளை அவர் காதில் உங்களைப் பற்றிச் சொல்வார். "அதை நீங்களே அவரிடம் சொல்லுங்கள், நான் வேண்டுமானால் கூட வருகிறேன்" என்று சொன்னால் பாதிப் புகார்கள் அங்கேயே முடிந்துவிடும்.

படி 11: மாற்றல் வரும்போது

வரும். மனம் ஒட்டிய நேரத்தில்தான் வரும். எங்களுக்கும் அழுகை வரும், பரிசுகள் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் கைக்கடிகாரமாகக் குவியும்.

போகும் முன் ஒரு வேலை மட்டும் பாக்கி வைக்காதீர்கள். வீட்டில் நற்கருணை பெறும் முதியவர்கள், நாள்பட்ட நோயாளிகள், அண்மையில் துணையை இழந்தவர்கள், திரும்பிக் கோவிலுக்கு வர ஆரம்பித்திருப்பவர்கள் ஆகியோரின் பட்டியலை அடுத்து வரும் ஃபாதருக்காக எழுதுங்கள். தொட்டியில் கேட்டது எதுவும் அதில் வரக்கூடாது. முகவரி, தொலைபேசி எண், எந்த நாளில் போவீர்கள், வாசலில் நாய் உண்டா, பாட்டிக்கு எந்தக் காது கேட்கும், பழைய செபம் வேண்டுமா புதியதா என்பதெல்லாம் இருக்கட்டும். அந்தந்த வீட்டாரிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், புதியவர் கையில் நேரில் கொடுங்கள். முடிந்தால் முதல் மூன்று வீடுகளுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். டாக்சி செலவை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.